பட்டம் பெற்றவரின் கடன்: அண்ணல் அம்பேத்கர் அதை அடைத்த விதம்

ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் நம் பகுதியில் இரண்டு காட்சிகளைப் பார்க்கலாம். கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்களுக்கு வழியனுப்பு விழா நடக்கும். ஒரே நிறத்தில் சட்டை எடுத்து, குழுவாகப் படம் பிடித்து, கண் கலங்கி விடைபெறுவார்கள். அதே வாரத்தில் காலனி முகப்பில் நீலக் கொடி ஏறும். ஏப்ரல் 14 அன்று அண்ணல் அம்பேத்கர் சிலைக்கு மாலை போட்டு, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பார்கள்.

இரண்டுக்கும் தொடர்பில்லை என்றுதான் பலரும் நினைக்கிறோம். நெருங்கிய தொடர்பு உண்டு. சிலையாக நிற்கும் அந்த மனிதரும் ஒரு காலத்தில் இறுதியாண்டு மாணவராக இருந்தவர். ஊரில் முதல் ஆளாகப் படித்தவர். யார் யாரோ கொடுத்த பணத்திலும் புத்தகத்திலும் மேலே வந்தவர். அப்படிப் பெற்றதை அவர் எப்படித் திருப்பிக் கொடுத்தார் என்பதை அவருடைய வாழ்க்கையிலிருந்தே இந்த வாரம் பார்ப்போம்.

சாக்குத் துணியும் தண்ணீர்க் குழாயும்

பீமராவ் 1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவில் உள்ள மோவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தார். பெற்றோருக்குப் பதினான்காவது பிள்ளை. பூர்விகம் மராட்டிய மண்ணின் ரத்னகிரி மாவட்டத்தில் அம்பாவடே கிராமம். மகர் சாதி. தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர்; ராணுவப் பள்ளியில் பாடமும் நடத்தியவர். ராணுவத்தில் இருந்ததால்தான் அந்தக் குடும்பத்துக்கு எழுத்து கிடைத்தது. தாய் பீமாபாய், மகனுக்கு ஐந்து வயதானபோதே இறந்துபோனார். அத்தை மீராபாய் வளர்த்தார்.

சாத்தாராவில் பள்ளிக்குப் போனபோது வீட்டிலிருந்து ஒரு சாக்குத் துணியைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு சேராமல் அதை விரித்துத் தனியே உட்கார வேண்டும். மாலையில் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பள்ளியைப் பெருக்கும் ஆள்கூட அந்தச் சாக்கைத் தொடமாட்டார். தாகம் எடுத்தாலும் குழாயைத் தொடக்கூடாது. கடைநிலை ஊழியர் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். அவர் வராத நாளில் தண்ணீர் கிடையாது. இந்தக் கதை நம் பாட்டன்மார் பலருக்கும் சொந்தக் கதைதான்.

பிறகு குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர்கள் வாழும் வரிசை வீட்டில் ஒரே ஓர் அறை. சமையலும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். மகன் அமைதியாகப் படிக்க வேண்டும் என்பதற்காக அப்பா இரவு இரண்டு மணி வரை கண்விழித்திருப்பார். பிறகு மகனை எழுப்பிவிட்டுத் தான் படுப்பார். மகன் கேட்கும் புத்தகத்துக்குக் கையில் காசு இல்லையென்றால், கட்டிக்கொடுத்த பெண்களிடம் போய் நகையை வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். தன் தம்பி படிக்க வேண்டும் என்று நகையைக் கழற்றிக் கொடுத்த அந்த அக்காமார்தான் அவருடைய படிப்புக்கு முதலில் கை கொடுத்தவர்கள். பட்டம் வாங்கும் ஒவ்வொரு பிள்ளையும் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டார். அவருடைய சாதிக்கு அது மறுக்கப்பட்டது. பாரசீகம் எடுத்துப் படித்தார். 1907-ல் மெட்ரிகுலேஷன் தேறினார்.

பூங்காவில் பார்த்த ஆசிரியர்

பள்ளி விட்டதும் பீமராவ் சர்னி ரோடு பூங்காவில் போய் உட்கார்ந்து படிப்பது வழக்கம். அங்கே நாள்தோறும் வரும் ஆசிரியர் ஒருவர் இந்தப் பையனைக் கவனித்தார். அவர் பெயர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர். வேறொரு பள்ளியில் ஆசிரியர், மராத்தி எழுத்தாளர். தன் பள்ளி மாணவன் இல்லை, தன் சாதியும் இல்லை என்று அவர் ஒதுங்கிப் போகவில்லை. பேச்சுக் கொடுத்தார். படிக்கப் புத்தகங்கள் கொடுத்தார்.

மெட்ரிகுலேஷன் தேறியதற்காக நம் மக்கள் ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். சீர்திருத்தத் தலைவர் எஸ்.கே. போலே தலைமை. அந்தக் கூட்டத்தில் கேலுஸ்கர், தான் எழுதிய புத்தர் வரலாற்றை அந்த இளைஞனுக்குப் பரிசாகக் கொடுத்தார். அது என்ன ஆனது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்து இடைநிலைத் தேர்வு வரை வந்தபோது அப்பாவால் செலவைத் தாங்க முடியவில்லை. படிப்பு அங்கேயே நின்றிருக்க வேண்டும். அப்போதும் கேலுஸ்கர்தான் முன்வந்தார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் அழைத்துப் போனார். மன்னர் சில கேள்விகள் கேட்டார். பதிலில் நிறைவடைந்து மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கொடுத்தார். கல்லூரிப் பேராசிரியர் முல்லர் தன் புத்தகங்களைக் கொடுத்து உதவினார். அதே கல்லூரி விடுதியில் தேநீர் ஊற்றுபவர் அவருக்குத் தேநீர் தர மறுத்ததும் நடந்தது. இரண்டு விதமான மனிதர்களும் ஒரே வளாகத்தில் இருந்தார்கள். 1912-ல் பி.ஏ. பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற கையோடு பரோடா அரசுப் பணிக்குப் போனார். சில நாட்களில் அப்பா உயிருக்குப் போராடுகிறார் என்று தகவல் வந்தது. 1913 பிப்ரவரி 2 அன்று ராம்ஜி சக்பால் காலமானார். இரவு இரண்டு மணி வரை விழித்திருந்த அந்த மனிதர், மகனின் பெரிய பட்டங்கள் எதையும் பார்க்கவில்லை.

நியூயார்க்கில் ஒரு நண்பர்

அதே ஆண்டு பரோடா மன்னர் வெளிநாட்டுக் கல்விக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார். அதில் பீமராவ் ஒருவர். நிபந்தனை ஒன்று: படித்து முடித்த பின் 10 ஆண்டுகள் பரோடா அரசில் பணிசெய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு, 1913 ஜூலையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

முதன்முறையாக யாரும் சாதி கேட்காத இடம். ஒரே மேசையில் சாப்பாடு, ஒரே குழாயில் தண்ணீர். அந்தச் சுதந்திரத்தை அவர் புத்தகங்களில் செலவழித்தார். பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள் எடுத்தார். வரலாறு, சமூகவியல், தத்துவம், மானிடவியல் என்று கைக்கு எட்டியதையெல்லாம் படித்தார். செலிக்மன், ஜான் டூயி போன்ற பேரறிஞர்கள் பாடம் நடத்தினார்கள். 1915-ல் எம்.ஏ. முடித்தார். 1916 மே மாதம் இந்தியாவில் சாதிகள் தோன்றிய விதம் பற்றி மானிடவியல் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தார். வயது 25.

விடுதியில் அவருக்கு வாய்த்த நண்பர் நேவல் பதேனா என்ற பார்சி இளைஞர். படிப்பு முடிந்ததோடு முடிந்துபோன நட்பு இல்லை அது. பின்னாளில் அம்பேத்கர் லண்டனில் பணமின்றித் தவித்தபோது கடன் கொடுத்தார். வழக்கறிஞர் தொழில் தொடங்கும்போதும் கைகொடுத்தார். பேராசிரியர் செலிக்மனும் அப்படித்தான். மாணவர் லண்டன் போகும்போது அங்குள்ள அறிஞர் சிட்னி வெப்புக்கு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பல ஆண்டுகள் கழித்து 1925-ல் அம்பேத்கரின் நூல் வெளிவந்தபோது முன்னுரையும் எழுதினார்.

வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட தொடர்புகள் பிறப்பிலேயே இருக்கின்றன. மாமா வக்கீலாக இருப்பார், சித்தப்பா அதிகாரியாக இருப்பார். எந்தப் படிப்பு, எந்தத் தேர்வு, யாரைப் பார்ப்பது என்று வீட்டுத் திண்ணையிலேயே தெரிந்துவிடும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்தத் திண்ணை கிடையாது. கூடப் படித்தவரும் மூத்த மாணவரும் பாடம் நடத்தியவரும்தான் அவருக்கு மாமா, சித்தப்பா எல்லாம்.

பரோடாவில் பதினொரு நாள்

1916-ல் லண்டன் போய்ச் சட்டமும் பொருளாதாரமும் படிக்கத் தொடங்கினார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-ல் திரும்ப வேண்டியதாயிற்று. உலகப் போர் நடந்த சமயம். அவருடைய புத்தகங்களை ஏற்றிவந்த கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. பட்டினி கிடந்து வாங்கிய புத்தகங்கள் கடலோடு போயின.

ஒப்பந்தப்படி பரோடாவுக்குப் போனார். மன்னரின் ராணுவச் செயலர் பதவி. ஆனால் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பெயரை மாற்றிச் சொல்லி ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வாசலை மறித்தது. மாலைக்குள் காலிசெய்யச் சொல்லி மிரட்டியது. அந்த ஊரில் இருந்த இரண்டு நண்பர்களைக் கேட்டுப் பார்த்தார். இருவருமே ஏதோ காரணம் சொல்லித் தட்டிக் கழித்தார்கள். கமாத்தி பாக் பூங்காவில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். அலுவலகத்திலும் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைக் கையில் தராமல் மேசையில் வீசிவிட்டுப் போவார்கள்.

10 ஆண்டுகள் உழைத்துக் கடனை அடைக்கத்தான் அவர் போனார். அடைக்க விடவில்லை இந்தச் சமூகம். அமெரிக்கப் பட்டமும் மன்னரின் ஆதரவும் இருந்த ஒருவருக்கு அந்த ஊரில் ஒரு திண்ணை கிடைக்கவில்லை. அவருக்கு முன்னால் படித்து வந்து, அங்கே வீடு பிடித்து, கதவைத் திறந்து வைத்திருக்க நம்மில் ஒருவர்கூட இல்லை. நகரத்தில் வேலைக்குச் சேர்ந்து, வாடகை வீடு தேடும்போது சாதி கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு இந்த இடம் சொல்லாமலே புரியும்.

சம்பளம் வந்ததும் செய்த வேலை

1918-ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். மாதச் சம்பளம் 450 ரூபாய். ஆசிரியர் அறையில் இருந்த பொதுப் பானையில் அவர் தண்ணீர் எடுக்கக்கூடாது என்று உடன் பணிபுரிந்த சிலர் ஆட்சேபித்தார்கள். மாணவர்கள் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள். அவருடைய பாடத்தைக் கேட்க மற்றக் கல்லூரிகளிலிருந்தும் வந்தார்கள்.

சிக்கனமாக இருந்து பணம் சேர்த்தார். பாதியில் விட்ட லண்டன் படிப்பை முடிக்க வேண்டும். 1920 ஜனவரியில் கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியோடு மூக்நாயக் என்ற இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு நடுவில் லண்டன் புறப்பட்டார். கையில் இருந்த சேமிப்பு, சாகு மகராஜ் கொடுத்தது, நண்பர் பதேனா கொடுத்த கடன் ஆகியவற்றை நம்பிய பயணம். காலையில் ஒரு துண்டு ரொட்டி, இரவில் அப்பளம் என்று வயிற்றைக் கட்டிக்கொண்டு நூலகம் திறக்கும்போது போய் மூடும்போது வெளியே வருவார். இங்கே மனைவி ரமாபாய் குறைந்த காசில் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தார். இந்தத் தம்பதியர் தங்கள் பிள்ளைகளில் நால்வரைச் சிறுவயதிலேயே இழந்தார்கள். அண்ணலின் பட்டங்களைப் பட்டியலிடும்போது ரமாபாயின் பெயரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1923-ல் வழக்கறிஞராகவும் பொருளாதார முனைவராகவும் திரும்பினார். நல்ல வருமானத்துக்கு வழி இருந்தது. மறு ஆண்டே, 1924 ஜூலையில், பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவைத் தொடங்கினார். அதன் முதல் வேலைகளில் ஒன்று என்ன தெரியுமா? விடுதி. 1925 தொடக்கத்தில் சோலாப்பூரில் நம் பிள்ளைகளுக்கான மாணவர் விடுதி திறக்கப்பட்டது. தங்க இடமில்லாமல் பூங்காவில் உட்கார்ந்திருந்தவர், ஏழரை ஆண்டுகளுக்குள் பிள்ளைகளுக்குத் தங்க இடம் ஏற்பாடு செய்தார். நம் ஊர்ப் பதாகைகளில் எல்லாம் எழுதியிருக்கும் மூன்று கட்டளைகளில் கல்வி முதலில் நிற்பதற்கும் காரணம் இதுதான்.

1927-ல் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் எடுத்தார். 1928-ல் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கான கல்விக் கழகத்தைத் தொடங்கி, மாணவர் விடுதிகளுக்கு அரசு உதவி கேட்டார். 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். நம் ரெட்டமலை சீனிவாசன் அங்கே அவரோடு நின்றார். பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தி, 1935-ல் அதன் முதல்வரானார். போராட்டக் களத்தில் நின்ற காலத்திலும் வகுப்பறையை அவர் விட்டுவிடவில்லை.

உங்கள் கணக்கில் ஏறும் பணம்

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அந்தப் பதவியில் இருந்துகொண்டு பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்காக அரசிடம் வாதாடினார். மற்றவர்களின் பல்கலைக்கழகங்களுக்கு அரசு லட்சக்கணக்கில் கொடுக்கும்போது நம் பிள்ளைகளுக்கு ஏன் கூடாது என்பது அவருடைய வாதம். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. மாணவர்கள் சிலர் மேல்படிப்புக்காக வெளிநாட்டுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஒரு மன்னரின் தயவால் கப்பல் ஏறியவர், தனக்குப் பின்னால் வருபவர்கள் யாருடைய தயவும் இன்றி அரசின் பணத்தில் கப்பல் ஏற வழிசெய்தார்.

மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944-ல் தொடங்கியது. இன்று நம் பிள்ளைகளின் வங்கிக் கணக்கில் ஏறும் அதே உதவித்தொகைதான். ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு, பணம் எப்போது ஏறும் என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

கல்லூரி இடஒதுக்கீட்டுக்கும் அவருடைய கை உண்டு. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி உத்தரவு 1951-ல் உச்ச நீதிமன்றத்தில் செல்லாது என்று ஆனது. அதே ஆண்டு அரசியல் சட்டம் முதல்முறையாகத் திருத்தப்பட்டு 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது. அப்போது சட்ட அமைச்சர் அண்ணல்தான். நம் பிள்ளைகள் கலந்தாய்வில் இடம் எடுப்பது அந்தப் பிரிவின் பலத்தில்தான்.

புத்தகம் கல்லூரியான கதை

1945 ஜூலை 8 அன்று மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு ஜூன் 20 அன்று பம்பாயில் அதன் முதல் கல்லூரி திறக்கப்பட்டது. பெயர் சித்தார்த்தா கல்லூரி. பகலில் வேலைக்குப் போகும் ஏழை மாணவர்கள் காலையில் படித்துவிட்டுப் போகும்படி வகுப்பு நேரம் அமைந்தது. எல்லாச் சாதியினருக்கும் கதவு திறந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் வயிற்றைக் கட்டிச் சேர்த்த தன் புத்தகங்களில் பெரும் பகுதியை அந்தக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்தார்.

சித்தார்த்தன் என்பது புத்தரின் இயற்பெயர். 1907-ல் பாராட்டுக் கூட்டத்தில் கேலுஸ்கர் கொடுத்தது புத்தர் வரலாறு. ஓர் ஆசிரியர் ஒரு மாணவனுக்குக் கொடுத்த ஒரு புத்தகம், 39 ஆண்டுகள் கழித்து ஒரு கல்லூரியின் பெயராக நின்றது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு அவர் பௌத்தம் தழுவியதற்கும் அந்தப் புத்தகம் ஒரு விதை.

1950-ல் ஔரங்காபாத்தில் அடுத்த கல்லூரி தொடங்கியது. நிஜாம் ஆட்சியில் இருந்த மராத்வாடா பகுதி அது. உயர்கல்வி எட்டாத வறண்ட பூமி. அதன் கட்டடத்துக்கு 1951 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். பின்னாளில் அது மிலிந்த் கல்லூரி என்று பெயர் பெற்றது. நாகசேனர் என்ற பௌத்தத் துறவியிடம் கேள்வி மேல் கேள்வி கேட்ட அரசன்தான் மிலிந்தன். கேள்வி கேட்டவனின் பெயரைக் கல்லூரிக்கு வைத்தார் என்பதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

1952 ஜூன் 5 அன்று கொலம்பியா பல்கலைக்கழகம் தன் பழைய மாணவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. அமைச்சர் பதவியை விட்டு விலகியிருந்தார். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் மக்களவைத் தேர்தலில் தோற்றிருந்தார். உடல்நலமும் குன்றியிருந்தது. ஆனாலும் 61 வயதில் நியூயார்க் வரை போய், 22 வயதில் நுழைந்த அதே வளாகத்தில் நின்று அதைப் பெற்றுக்கொண்டார்.

ஆக்ராவில் கலங்கிய கண்கள்

இவ்வளவையும் செய்தவருக்குக் கடைசிக் காலத்தில் ஒரு பெரும் மனக்குறை இருந்தது. 1956 மார்ச் 18 அன்று ஆக்ராவில் பெருங்கூட்டத்தின் முன் அதைக் கலங்கிய கண்களோடு வெளியிட்டார். படித்து முன்னேறியவர்கள் சமூகத்தைத் தூக்கிவிடுவார்கள் என்று நம்பியிருந்தார். அவர்களோ உத்தியோகம் கிடைத்ததும் தங்கள் வயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டார்கள் என்று நொந்து பேசினார். அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று டெல்லியில் காலமானார்.

அந்த மனக்குறை நம்மைப் பார்த்துச் சொன்னதுதான். நம் பகுதியிலும் இதைப் பார்க்கிறோம். காலனியில் முதல் பட்டதாரி, முதல் அரசு ஊழியர் என்று ஊரே கொண்டாடும். சில ஆண்டுகளில் அவர் நகரத்தில் வீடு கட்டிக் குடிபோவார். பொங்கலுக்கு ஒருமுறை வருவார். பிறகு அதுவும் நின்றுபோகும். சாதி தெரிந்துவிடும் என்று பயந்து காலனிப் பிள்ளைகளின் அழைப்பை எடுக்காதவர்களும் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணம் அவர் மட்டுமே என்று சொல்ல மாட்டோம். பரோடாவில் நடந்தது இன்னும் பல அலுவலகங்களில் வேறு வடிவில் நடக்கிறது. ஆனாலும் ஏறி வந்த ஏணியை அப்படியே விட்டுவைத்தால்தானே அடுத்தவர் ஏற முடியும்?

முதல் தலைமுறைப் பட்டதாரியின் தோளில் ஏற்கெனவே பாரம் இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். அப்பாவின் கடன், தங்கையின் திருமணம், தம்பியின் கட்டணம் எல்லாம் முதல் சம்பளத்துக்குக் காத்திருக்கும். அவரிடம் போய் நன்கொடை கேட்பது நியாயம் இல்லை. அண்ணலும் தொடக்கத்தில் கடனாளிதான். பணம் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. வருமானம் நிலைப்படும் முன்பே சபாவைத் தொடங்கினார்.

இந்த மாதம் வழியனுப்பு விழா காணும் தம்பி, தங்கைகளிடம் பணச் செலவில்லாத சில காரியங்களைக் கேட்கிறோம். உதவித்தொகைக்கு எந்தச் சான்று எப்போது வாங்க வேண்டும், எந்த இடத்தில் விண்ணப்பம் திரும்பி வரும் என்பது உங்களுக்கு மூன்று ஆண்டு அனுபவத்தில் தெரியும். விடுதியை விட்டுக் கிளம்பும் முன் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு மாலை அதைச் சொல்லிக் கொடுங்கள். படித்து முடித்த புத்தகங்களையும் குறிப்புகளையும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடாமல் விடுதியிலோ காலனிப் படிப்பகத்திலோ வையுங்கள். உங்களுக்கு முன் அதே துறையில் படித்து வேலைக்குப் போன அண்ணன், அக்காமாரின் எண்களைக் கேட்டு வாங்கி, அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டில் எழுதி விடுதியில் விட்டுச் செல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் நாளில் ஊரில் இருங்கள். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகளோடு இ-சேவை மையம் வரை கூடவே போங்கள்.

வேலையில் இருக்கும் மூத்தவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். ஊர்ப் பிள்ளை அழைத்தால் கைப்பேசியை எடுங்கள். ஒரு நேர்முகத் தேர்வுக்கு நகரத்துக்கு வரும் பிள்ளைக்கு ஓர் இரவு தங்க இடம் கொடுங்கள். பரோடாவில் அந்த ஓர் இரவுதான் அண்ணலுக்குக் கிடைக்காமல் போனது.

ஏப்ரல் 14 அன்று மாலை போடப் போகும்போது, படித்து முடித்த ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போவோம். மாலை போட்டுவிட்டுத் திரும்பும் வழியில், திண்ணையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையிடம் அதைக் கொடுப்போம். கேலுஸ்கர் செய்தது அவ்வளவுதான்.